அலையும் சாட்சியும்: குழந்தை வலிப்பு நோயறிதலில் மூளை அலைப் பதிவின் வரலாறு

கி.பி. ஏழாம் நூற்றாண்டிலே திருப்பாச்சிலாச்சிராமம் என்னும் சோழநாட்டுத் தலத்தில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சியொன்று மருத்துவ வரலாற்றை ஆராய்வோரின் கருத்துக்கும் உரியதாகும். கொல்லி மழவன் என்னும் குறுநில மன்னன், முயலகன் என்ற நோயினால் வருந்திய தன் மகளுக்குச் செய்வித்த பரிகாரங்கள் யாவும் பயனற்றுப் போகவே, அவளைக் கோயிலிற் கொண்டுவந்து கிடத்தினான். அவ்வூருக்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் நோய் நீங்கி எழுந்தாள் என்பது சேக்கிழார் தரும் செய்தி. முயலகன் என்பது இன்று வலிப்பு எனவும் காக்கைவலிப்பு எனவும் வழங்கும் நோயே என்பர். கூத்தப்பெருமானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் உருவத்துக்கும் அதுவே பெயர். வடமொழியில் அவ்வுருவமும் அந்நோயும் அபஸ்மாரம் எனப்படும்; நினைவு அழிதல் என்பது அச்சொல்லின் பொருள்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. நோயுற்றவள் இளம் பெண். அவளுக்கு நேர்ந்தது இன்னதென அறியாது தந்தை கலங்கினான். பதின்மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் இவ்விரண்டும் பல இல்லங்களில் மாறாதிருக்கின்றன. மட்டக்களப்புக்கு வடக்கே, ஓட்டமாவடியைக் கடந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், கடலுக்கும் களப்புக்கும் அணித்தாக அமைந்த ஊர் மாங்கேணி. அத்தகைய ஊர்களிலே குழந்தையொன்று திடீரென விழுந்து கைகால் உதறும்போது, கையில் இரும்பையோ திறப்பையோ கொடுப்பது தமிழர் பலரிடம் உள்ள வழக்கம். வலிப்புப் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே ஓய்ந்துவிடும். ஓய்ந்ததன் பெருமை இரும்புக்குச் சேரும். பின்னர் அது பேய்க்குற்றமோ, காய்ச்சலால் வந்ததோ, வாழ்நாள் முழுவதும் தொடரும் நோயோ என்னும் வினா எழும். இவ்வினாவுக்கு விடையளிக்கும் கருவியாக இருபதாம் நூற்றாண்டிலே தோன்றியது மூளை அலைப் பதிவு. வைத்தியசாலை வழக்கில் ஈ.ஈ.ஜி. எனப்படுவது. அது எதனைக் காட்டிற்று, எதனைக் காட்ட இயலாது நின்றது என்பதை அதன் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலிப்பு மூளையின் நோயே என்னும் கருத்துப் பழமையானது. கிரேக்க மருத்துவர் இப்போகிரற்றீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில், ஏறத்தாழ கி.மு. 400ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பகுதியொன்று, ‘தெய்வ நோய்’ என மக்கள் அழைத்த இந்நோய் ஏனைய நோய்களைவிடத் தெய்வத்தன்மை மிக்கதன்று என வாதிடுகின்றது. சரக சங்கிதையும் அபஸ்மாரத்தை வாத பித்த கபங்களின் வழிநின்று நால்வகையாகப் பகுத்து மருந்து கூறுகின்றது. எனினும் மூளையினுள் நிகழ்வது யாது என்பதை இவை விளக்கவில்லை. 1873இல் ஆங்கில வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், வலிப்பு என்பது மூளையின் சாம்பர்நிறப் பொருளிலே திடீரென, அளவுக்கு மிஞ்சி, விரைந்து எழும் வெளியேற்றமே என வரையறுத்தார். கருவியின் துணையின்றி, நோயாளரை உற்று நோக்கியும் அவர்தம் உறவினர் சொன்னவற்றைக் கேட்டுமே அவர் அம்முடிவுக்கு வந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஜாக்சன் கூறிய வெளியேற்றத்தின் இயல்பை அறியும் வழி இரண்டே ஆண்டுகளில் திறக்கத் தொடங்கியது. 1875இல் லிவர்பூல் நகர வைத்தியர் ரிச்சர்ட் கேற்றன், முயல்களினதும் குரங்குகளினதும் திறந்த மூளையில் மென்மையான மின்னோட்டங்கள் உள்ளன என்பதைக் கல்வனோமானியின் துணையால் கண்டு வெளியிட்டார். 1890இல் போலந்து அறிஞர் அடோல்ப் பெக் அத்தகைய முடிவுகளையே எட்டினார். மனித மூளையின் அலைகளை மண்டையோட்டைத் திறவாமலே பதியலாம் என்பதை நிறுவியவர் ஜேர்மனியின் யேனா நகரிலே உளமருத்துவராகப் பணியாற்றிய ஹன்ஸ் பேர்கர். 1924இல் அவர் தமது முதற் பதிவைப் பெற்றார். மண்டையோட்டில் எலும்பு நீக்கப்பட்டிருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவனே அதற்கு உதவினான். தம் மகன் கிளவுசையும் அவர் பன்முறை பதிவுக்கு உட்படுத்தினார். ஐந்தாண்டுகள் ஐயுற்றும் மீளாய்ந்தும் 1929இலேயே அவர் முதற் கட்டுரையை வெளியிட்டார். அறிஞருலகம் அதனை உடனே ஏற்கவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏட்ரியனும் மத்தியூசும் அவ்வலைகளை மீளப் பதிந்து உறுதிப்படுத்திய பின்னரே ஐயம் நீங்கிற்று.

பதிவின் முறை எளிதில் விளங்கத்தக்கது. தலைத்தோலின் மேல் குறித்த இடங்களிலே சிறு மின்வாய்கள் பசையினால் ஒட்டப்படும். மூளையின் மேற்பரப்பிலுள்ள எண்ணிறந்த நரம்புக்கலங்கள் ஒருங்கே இயங்கும்போது தோன்றும் மின்னழுத்த வேறுபாடு அவற்றின் வழியே பெறப்படும். அதன் அளவு ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகளே. ஆதலின் அது பன்மடங்கு பெருக்கப்பட்டுத் தாளிலோ திரையிலோ அலையாக வரையப்படும். மின்வாய்களை வைக்கும் இடங்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த நிலையை நீக்கி, தலையின் அளவை நூற்றுக்குப் பத்தும் இருபதுமாகப் பகுக்கும் பொதுமுறையை மொன்றியலைச் சேர்ந்த ஹெர்பேட் ஜாஸ்பர் 1958இல் வெளியிட்டார். அம்முறையே இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது. பதிவினால் குழந்தைக்கு நோவு இல்லை. மின்சாரம் உடலினுட் செலுத்தப்படுவதுமில்லை. மூளையில் உள்ளதைப் பொறி கேட்கின்றதேயன்றி, அதற்கு எதனையும் ஊட்டுவதில்லை.

குழந்தை நோயியலில் இப்பொறி பெற்ற முதற் பெருவெற்றி 1935இல் பொஸ்டனில் நிகழ்ந்தது. பிரெடரிக் கிப்ஸ், ஹலோவெல் டேவிஸ், வில்லியம் லெனக்ஸ் ஆகிய மூவரும், அந்நாளில் ‘சிறுவலிப்பு’ எனப்பட்ட நிலையிலே ஒரு செக்கனுக்கு மூன்று முறை கூர்முனையும் அதனைத் தொடர்ந்து மெல்லலையும் மாறி மாறி எழுவதைக் கண்டு வெளியிட்டனர். கிப்சின் மனைவி ஏர்னா கிப்சும் அப்பணியில் இணைந்திருந்தார். இக்கண்டுபிடிப்பின் பயன் பள்ளிக்கூடத்திலே உணரப்படுவது. இந்நோயுள்ள பிள்ளை விழுவதில்லை, துடிப்பதுமில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பத்துச் செக்கன் அளவு விழித்த விழியோடு நின்று, பின் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றது. ஒரு நாளிலே பல பத்துத் தடவைகள் இது நிகழலாம். கவனமற்ற பிள்ளை, கனவு காணும் பிள்ளை என்று ஆசிரியரின் கண்டிப்புக்கு ஆளான குழந்தைகள் பலர். மூன்று நிமிடம் ஆழ்ந்து மூச்சுவிடச் செய்தால் அவ்வலை பெரும்பாலும் பதிவில் எழுந்துவிடும். சிறு குழந்தைகளுக்குக் காற்றாடியை ஊதக் கொடுப்பதும் உண்டு. அடிக்குரியதெனக் கருதப்பட்ட பிழை மருந்துக்குரிய நோய் என்பதற்கு அலை சான்றாயிற்று.

இதனைத் தொடர்ந்து குழந்தைப் பருவத்துக்கே உரிய வேறு வகைகளும் பிரித்தறியப்பட்டன. 1841இல் வில்லியம் வெஸ்ட் என்னும் ஆங்கில வைத்தியர், தம் கைக்குழந்தை தலையைக் குனிந்து குனிந்து மடங்குவதையும் அதன் அறிவு வளர்ச்சி குன்றுவதையும் விவரித்து ‘லான்செற்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1952இல், கிப்ஸ் இணையர் அந்நோய்க்குரிய ஒழுங்கற்ற பேரலைக் குழப்பத்துக்குத் தனிப்பெயர் இட்டனர். அக்குழப்பம் காணப்படின் சிகிச்சையை நாள் கடத்தலாகாது. கடத்துந்தோறும் குழந்தையின் அறிவு வளர்ச்சி ஆபத்துக்குள்ளாகும். இதற்கு நேர்மாறானது, உறக்கத்திலே வாய் ஒருபுறம் கோணி எச்சில் வழியும் பள்ளிப் பருவத்து வலிப்பு. மூளையின் நடுப்பகுதிக்கும் பொட்டுப் பகுதிக்கும் இடையே எழும் கூர்முனைகள் அதற்கு அடையாளம். அது பதினாறு வயதளவிற் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். ஒரே ஊரில் ஒரே சொல்லால் ‘இழுப்பு’ எனப்படும் இரு நோய்களுள் ஒன்று விரைவை வேண்டுவது. மற்றையது ஆறுதலைத் தருவது. இவ்வேறுபாட்டைத் தெளிவித்தமை பதிவின் பெரும்பணி எனலாம்.

வகையறிதல் மருந்தின் தேர்வுக்கும் அடிப்படையாகும். 1912இல் பினோபாபிற்றோனும், 1938இல் பெனிற்றோயினும், 1958இல் சிறுவலிப்புக்குரிய எதொசக்சிமைட்டும் பயன்பாட்டுக்கு வந்தன. வேறு சில வலிப்புகளுக்கு நன்மருந்தான கார்பமசெப்பின், சிறுவலிப்பை மோசமாக்கவுங்கூடும். ஆகவே வகை தெரியாது கொடுக்கப்படும் குளிசை, பயனின்மையோடு நில்லாது கேடாகவும் முடியலாம்.

தமிழகத்தில் இவ்வியல் ஊன்றிய வரலாறும் ஈண்டு நினைவு கூரத்தக்கது. மொன்றியலில் பென்பீல்டிடம் பயின்று திரும்பிய யேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவை மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். மறு ஆண்டில் பா. இராமமூர்த்தி சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். 1951இல் இந்திய நரம்பியற் கழகத்தை நிறுவிய நால்வருள் இவ்விருவரோடு நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும், மூளை அலைப் பதிவில் வல்லவரான எஸ். டி. நரசிம்மனும் அடங்குவர். அக்கழகத்தின் தோற்றத்திலேயே அலைப் பதிவாளர் ஒருவருக்கு நாலில் ஓரிடம் கிடைத்தமை, அக்காலத்தில் அப்பொறிக்கு இருந்த மதிப்பைக் காட்டும். 1952 ஆகஸ்ட் 25ஆம் நாள், குழந்தைப் பருவத்திலேயே ஒருபக்க வாதமுற்று மருந்துக்கு அடங்காத வலிப்பினால் வருந்திய பத்தொன்பது வயது இளைஞனுக்கு வேலூரில் சாண்டி செய்த அறுவைச் சிகிச்சை, இந்தியாவில் வலிப்புக்காகச் செய்யப்பட்ட முதலாவது அறுவை எனக் கருதப்படுகின்றது.

இவ்வெற்றிகளின் மறுபக்கத்தையும் வரலாறு காட்டுகின்றது. ஒரு செக்கனுக்குப் பதினான்கும் ஆறுமாக எழும் ஒருவகைக் கூர்முனைகளை 1950களின் தொடக்கத்திலே கிப்ஸ் இணையர் விவரித்தனர். தலைவலி, வயிற்றுவலி, அடங்காமை, கோபம் எனச் சிறுவரிடம் கண்ட பலவற்றுக்கும் அவ்வலை காரணமாகக் கற்பிக்கப்பட்டது. 1966இல் லொம்புறோசோவும் உடன் ஆய்வாளரும், நோயேதுமற்ற பதின்மூன்று முதற் பதினைந்து வயது வரையான மாணவரின் பதிவுகளை எடுத்தபோது, பாதிக்கு மேற்பட்டோரிடம் அதே அலை காணப்பட்டது. அலை உண்மை, அதற்குக் கற்பித்த பொருளே பொய். 1980இல் இத்தாலியின் கவற்சூற்றி, 6 முதல் 13 வயது வரையான 3,726 நலமுள்ள பிள்ளைகளை ஆராய்ந்து, நூற்றுக்கு மூவர் அல்லது நால்வரிடம் வலிப்புக்குரியவை போன்ற அலைகள் இருப்பதை வெளியிட்டார். அவர்கள் வலிப்புக் கண்டவர்கள் அல்லர்.

குழந்தையின் பதிவை வளர்ந்தோரின் அளவுகோலால் அளப்பதும் வழுவே. கண் மூடி விழித்திருக்கும் வளர்ந்தவரின் பின்மூளை அலை ஒரு செக்கனுக்கு 8 முதல் 13 வரை இருக்கும். அவ்வலையே ஒரு வயதுக் குழந்தையிடம் ஏறத்தாழ 6 ஆகவும், மூன்று வயதில் 8 ஆகவும் இருக்கும். தூக்கம் கண்ணைச் செருகும் வேளையிலே நலமுள்ள குழந்தையிடமும் பேரலைகள் திடீரெனத் திரளும். இவற்றை அறியாதவர் கண்ணுக்கு இயல்பான வளர்ச்சியே நோயாகத் தோன்றும்.

மறுபுறத்தே, வலிப்புள்ளவரின் முதற் பதிவு பாதியளவினரிடம் குறையெதனையும் காட்டாது கழியலாம். பொறி கேட்டுக்கொண்டிருக்கும் அரைமணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்துவிடுவதே காரணம். உறக்கத்திற் பதிதல், மீளப் பதிதல், மூச்சை ஆழ விடுவித்தல், 1946இல் கிரே வோல்ற்றர் குழுவினர் அறிமுகப்படுத்திய மின்னி மறையும் ஒளியைக் காட்டுதல் ஆகிய முறைகளால் அக்குறை பெருமளவு நீங்குமேயன்றி முற்றாக நீங்குவதில்லை. காய்ச்சலோடு ஒருமுறை வரும் எளிய வலிப்புக்கு, ஏனைய வகையில் நலமுள்ள குழந்தைக்குப் பதிவு வேண்டியதில்லை என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1996இல் அறிவுறுத்தியது. வேண்டாத இடத்தில் எடுத்த பதிவு வீண் அச்சத்தையே விளைவிக்கும்.

இந்நிலையில் பதிவுக்கு முற்பட்டதொரு சான்று இன்றியமையாததாகின்றது. அது கண்டவர் கூற்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிகழ்ந்த இரு ஆய்வுகள் இதனை நன்கு விளக்கும். 1960களின் இறுதியில் பெங்களூரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் உடன் ஆய்வாளரும், தலையிலே சுடுநீர் வார்க்கும்போது மட்டும் தோன்றும் வலிப்பை விவரித்தனர். அதற்குள்ளாவோருட் சிறுவர் பலர். பேராதனைப் பல்கலைக்கழகத்து மருத்துவப் பேராசிரியர் நிமல் சேனநாயக்க, உணவு உண்ணும் வேளையில் வரும் வலிப்பைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து 1990களின் முற்பகுதியில் வெளியிட்டார். கட்டிலிற் கிடத்திப் பதிவு எடுக்கும் அறையில் சுடுநீருமில்லை; சோற்றுக் கலமுமில்லை. எப்போது வருகின்றது என்று கேட்டவருக்கும், கிணற்றடியிலும் அடுக்களையிலும் அதைக் கண்டு சொன்ன தாய்க்குமே அவ்வுண்மை புலப்பட்டது.

தவறாகச் சூட்டப்படும் நோய்ப்பெயர் சிறு பிழையாகாது. 1933இல் ஜேர்மனி இயற்றிய கட்டாய மலடாக்கற் சட்டம் பரம்பரை வலிப்பையும் தன் பட்டியலிற் சேர்த்தது. மூளை அலையைக் கண்ட பேர்கரே அச்சட்டத்தை நிறைவேற்றிய மன்றமொன்றில் அமர்ந்தவர் என்பது அவர் புகழில் மறைக்கவியலாத கறையாகும். இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மீள மீள வரும் வலிப்புத் திருமணத்துக்குத் தடையாயிருந்தது. 1999இலேயே அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கிய பின்னரும் சம்பந்தம் பேசும் திண்ணைகளில் அத்தடை முற்றாக நீங்கவில்லை. பெண்பிள்ளையின் வலிப்பை மறைத்து, மருந்தையும் மறைவில் உட்கொள்ளச் செய்து, ஈற்றில் அதனை நிறுத்திவிடும் குடும்பங்கள் உள.

இவ்வரலாற்றின் ஒளியில் மாங்கேணி போன்ற ஊரின் நிலையை நோக்குதல் வேண்டும். 2009 வரை நீடித்த போரும், 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும், 2006இலும் 2007இலும் வாகரைப் பிரதேசம் கண்ட இடப்பெயர்வும் அக்கரையின் வாழ்வையும் போக்குவரத்தையும் குலைத்தன. வீதி திறந்த பின்னரும் பதிவுப் பொறி நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்கே உரியது. உறக்கப் பதிவுக்குச் செல்லும் பிள்ளை முதல்நாள் தலை முழுகி, எண்ணெய் பூசாது செல்லவேண்டும். எண்ணெய் இருந்தால் மின்வாய் சரியாக ஒட்டாது. இரவு உறக்கத்தைக் குறைக்கவும் வேண்டும். விழித்த பிள்ளையை விடியற் பஸ் வண்டியில் ஏற்றிச் செல்லும் தாய்க்கு, வழியிலே பிள்ளை உறங்கிவிடாது காப்பதே பெரும்பாடு. கூலித் தொழிலாளிக்கும் மீனவனுக்கும் அது ஒரு நாள் வருவாயை இழக்கும் பயணம். ஆதலின், வினா தெளிவின்றிப் பதிவுக்கு அனுப்புதல் அக்குடும்பத்துக்கு இழைக்கும் அநீதியாகும்.

பதிவுக்குக் காத்திருக்கும் காலத்திலும் ஆபத்துக் காத்திருப்பதில்லை. வலிப்புள்ள பிள்ளைக்கு நீர்நிலை பெரும்பகை. களப்போரத்தில் அது வாசலிலேயே உள்ளது. தனித்துக் குளித்தலும், தோணியிலே துணையின்றிச் செல்லலும், திறந்த அடுப்பின் அருகே இருத்தலும் தவிர்க்கப்படவேண்டும். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துதல், வாயில் எதனையும் திணியாதிருத்தல், நேரத்தைக் கணித்தல், ஐந்து நிமிடத்தைக் கடந்தால் வைத்தியசாலைக்கு விரைதல் ஆகியவற்றுக்குப் பொறி எதுவும் வேண்டியதில்லை. இரும்பைத் தேடி ஓடும் அந்நேரத்தை மணிக்கூட்டைப் பார்ப்பதிற் செலவிட்டால் அதுவே வைத்தியருக்குப் பெருஞ்சான்றாகும்.

தொடங்கியது எப்பக்கத்தில், கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, உறக்கத்திலா விழிப்பிலா, காய்ச்சல் இருந்ததா, எத்துணை நேரம் நீடித்தது, பின்னர் பிள்ளை பெயர் சொன்னால் அறிந்ததா என்பவை கண்டவரிடம் வைத்தியர் கேட்கும் வினாக்கள். இவற்றுக்கு விடை சொல்லும் தாயோ, தாத்தாவோ, வகுப்பாசிரியரோ நோயறிதலின் முதற் கருவி. இன்று கைத்தொலைபேசி குடிசைக்கும் வந்துவிட்டது. வலிப்பு வரும் வேளையில் ஒருவர் பிள்ளையைக் காக்க, மற்றொருவர் அதனைக் காணொளியாக எடுத்துக் காட்டுவது நோயறிதலுக்குப் பெரிதும் உதவுகின்றதென அண்மைக்கால ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றன. கேற்றன் முதற் கிப்ஸ் வரை வளர்ந்த அறிவு, அவ்வாறு கண்டவர் கொணரும் சான்றோடு இணையும்போதே முழுமை பெறுகின்றது.

கொல்லி மழவன் மகளுக்கு நேர்ந்ததை அளந்து காட்ட அன்று பொறியில்லை. இன்று பொறி உண்டு; ஆயினும் அது தானாகப் பேசுவதில்லை. சாட்சி கேட்காது அலையை மட்டும் வாசித்தவர்கள் நலமுள்ள பிள்ளைகளை நோயாளராக்கினர். அலையின் துணையின்றிச் சாட்சியை மட்டும் நம்பியவர்கள் நோயுற்ற பிள்ளையைக் கனவு காண்பவன் எனக் கண்டித்தனர். இவ்விரு பிழைகளையும் தவிர்த்தற்கு வேண்டுவது, மாங்கேணித் தாய் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, அதன்பின் எழும் ஐயத்துக்கு விடை தேடியே அவளது பிள்ளையைப் பதிவறைக்கு அனுப்பும் வைத்திய மரபாகும். அம்மரபை வளர்ப்பதிலே கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் பேராதனைக்கும் ஏனைய மருத்துவ பீடங்களுக்கும் பொறுப்புண்டு. பிள்ளை விழும்போது அருகில் இருப்பவள் அவளே. பொறி அங்கு இருப்பதில்லை.